பென்சிலுக்கு ஓர் ஒப்பந்தம்

அத்தியாயம் பதினொன்று

பொறாமைக்கு ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு சுத்தமாகச் செய்து முடிக்கும் என்று. வக்கீலம்மா அன்று காலை அச்சடித்து எடுத்த நாலு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் படித்தாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை. நுழைந்து வெளியேற ஓர் ஊசித் துவாரம் இல்லை. அவளுக்கே அவள் மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

போன வாரம் எங்கே விட்டோம்? சாப்பாட்டு மேசையில். சோபாப் பட்டறை முதலாளியான மாமனார், புதிதாகக் கட்டும் ஹோட்டல் ஒன்றுக்கு முன்கூடத்து சோபாக்கள் முழுவதும் செய்து தரும் ஆர்டர் வந்திருப்பதாகச் சொன்னார். ஹோட்டல்காரர்களுக்குப் பிடித்துப்போனது சின்ன மருமகள் வரைந்த படங்கள். எந்நேரமும் கொண்டையில் பென்சில் செருகியிருப்பதால் அவளுக்குப் பட்டறையில் பேரே பென்சில்தான். அந்தப் பென்சில், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "வரைஞ்சு தரேன் மாமா. ஆனா வேலைக்கு வர மாட்டேன். காண்ட்ராக்ட்லதான். எழுத்துல வேணும்" என்று சொன்னாளே, அங்கே விட்டோம்.

மாமனார் கோபப்படுவார் என்றுதான் வக்கீலம்மா எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்ன, ஆசைப்பட்டாள். அவரோ பூரித்துப் போனார். தொழில் தெரிந்த பெண் இப்படித்தான் பேசுவாள் என்று பாராட்டி, கை கழுவ எழுந்தவர், மூத்த மருமகள் பக்கம் திரும்பினார். "நீதான் சட்டம் படிச்சிருக்கியேம்மா. நீயே எழுதிடு."

ஆமாம், படித்திருந்தாள். கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுப்பதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மாமனார், "ஆள் வர வரைக்கும் ஒரு வாரம் ஆபீஸைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்றார். அந்த ஒரு வாரம்தான் இன்னும் முடியவில்லை. பட்டறைப் பையன்கள் வைத்த 'வக்கீலம்மா' என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சம்பளம், விடுமுறை, கையெழுத்து என்ற பேச்சே எழவில்லை. வீட்டுப் பெண்ணிடம் யார் அதெல்லாம் பேசுவார்கள்?

முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்தது என்பார்கள். இங்கே மறைத்ததோடு நிற்கவில்லை, கொம்புக்குப் பூண் போடும் வேலையும் காதின் தலையிலேயே விழுந்தது.

ஆகவே வக்கீலம்மா எழுதினாள். மனதில் எரிந்ததையெல்லாம் ஷரத்து ஷரத்தாக எழுதினாள். பென்சில் பதினொரு மணிக்குக் குளித்த மணத்தோடு நிதானமாக வருகிறவள் அல்லவா? பட்டறையின் ஷட்டர் திறக்கும்போது இரண்டாம் தரப்பு வந்துவிட வேண்டும், ஷட்டர் இறங்கிய பிறகே போக வேண்டும். வேறு கடைகளுக்கும் வரைந்து கொடுத்துப் பேர் வாங்குகிறாளா? இனி வேறு யாருக்கும் ஒரு கோடுகூடப் போடக்கூடாது. தன்னுடைய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருகிறாளே, அதுவும் கூடாது. பட்டறை மேசையில், பட்டறை சாமான்களை வைத்துத்தான் வரைய வேண்டும். வராத நாளுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். எப்படி வரை என்று முதலாளி சொல்கிறாரோ அப்படியே வரைய வேண்டும். வரைவதையெல்லாம் சட்ட பாஷையில் 'பணி' என்றே போட்டிருந்தாள். தலைப்பில் மட்டும் கொட்டை எழுத்தில் 'சுயேச்சை ஒப்பந்தக்காரர் ஒப்பந்தம்'. இரண்டாம் தரப்பின் பேருக்கு இடம் விட்டிருந்தாள். அந்தப் பேரை டைப் அடிக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

அச்சடித்ததை எடுத்துக்கொண்டு முதலில் கணவனிடம் போனாள். பெரியவன் பட்டறையின் நடுவே ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ரெக்ஸினை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வாய் நிறைய சின்ன ஆணிகள். ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி உதட்டுக்குக் கொண்டுவந்து, எடுத்து அடிப்பான். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதைக் கேட்டாலும் அந்த வாயில் ஆணி இருந்தது.

அவள் ஷரத்துகளைப் படித்துக் காட்டினாள். "ம்" என்றான். கடுமையாக இருக்கிறதா என்று கேட்டாள். அதற்கும் "ம்". ஒரு மனுஷி ராத்திரியெல்லாம் தூங்காமல் எழுதியிருக்கிறாளே என்றாள். சுத்தியல் ஒருகணம் நின்றது. பிறகு அடுத்த ஆணி வெளியே வந்தது.

சரியாகப் பதினொன்றுக்குப் பென்சில் வந்தாள். தையல் மிஷின்கள் ஒருகணம் ஓய்ந்து மறுபடி ஓடின. மாமனார் தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், தானே போய் மின்விசிறியைச் சுழல விட்டார். இது சாதாரண விஷயமில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட விசிறியை அணைத்துவிட்டுப் போகிறவர் அவர். விளக்கை யாராவது எரியவிட்டு வந்தால் படியேறிப் போய் அணைத்துவிட்டு வந்துதான் பேசுவார். இத்தனை வருஷத்தில் தன் தலைக்கு மேல் அவர் ஒருநாள் விசிறி போட்டதுண்டா என்று வக்கீலம்மா யோசித்தாள். நினைவுக்கு எதுவும் வரவில்லை, வயிறு மட்டும் எரிந்தது.

"எழுதியாச்சா அக்கா?" என்று பென்சில் கேட்டாள். "நீங்க எழுதினா நான் படிக்கக்கூட வேண்டாம். எங்க கையெழுத்துன்னு மட்டும் காட்டுங்க."

நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே. கெட்டவள் மேல் பொறாமைப்பட்டால் மனதுக்கு ஒரு நியாயமாவது கிடைக்கும்.

மாமனாருக்கு ஒரு யோசனை. வரைபடம் யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் காட்டினால்தான் ஹோட்டல்காரர்கள் முன்பணம் தருவார்கள். நாளைக் காலை அவர்கள் வருகிறார்கள், கூடவே அவர்கள் வக்கீலும் வருகிறார். எதற்கும் கோர்ட்டுக்குப் போய்வருகிற ஒருத்தர் பார்த்துவிட்டால் நல்லது, சாயங்காலம் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். கோர்ட்டுக்குப் போய்வருகிற ஒருத்தர். வக்கீலம்மா அந்த வார்த்தையையும் சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

கூடப் படித்த தோழியின் அலுவலகம் இரண்டாவது மாடியில். சுவரோரம் நாடா கட்டிய கட்டுகள், ஒரு ஜன்னல், அதன் மேல் ஒழுங்காக மூடாத ஏ.சி. நாற்காலி முதுகில் கறுப்புக் கோட்டு தொங்கியது. கழுத்துப்பட்டி வெளுத்து, ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது. அந்தப் பழைய கோட்டைப் பார்த்துக்கூட வக்கீலம்மாவுக்குப் பொறாமை வந்தது. இன்றைக்கு யாரைப் பார்த்தாலும் வரும் போலிருந்தது.

"எங்க பட்டறை ஒப்பந்தம். ஒரு தடவை பார்த்துச் சொல்லுடி" என்று நீட்டினாள்.

தோழி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். இரண்டாவது பக்கத்தில் புன்னகைத்தாள். நாலாவது பக்கம் முடித்ததும் காகிதங்களை மேசையில் தட்டி ஒழுங்கு பண்ணி வைத்தாள்.

"நல்ல வேளை. இப்பவாவது உனக்கு ஒரு பேப்பர் போடணும்னு உங்க மாமனாருக்குத் தோணிச்சே."

வக்கீலம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஷட்டர் திறக்கறப்போ வரணும், இறக்கினப்புறம்தான் போகணும். அவங்க மேசை, அவங்க சாமான். வேற எங்கயும் வேலை செய்யக்கூடாது. லீவுன்னா முன்னாடியே கேக்கணும். அச்சு அசல் நீதான்டி. ஆனா தலைப்பைத் தப்பாப் போட்டிருக்கே. ஒப்பந்தக்காரர்னு போட்டிருக்கியே, இது சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு எழுதறது."

ஓரகத்திக்காக எழுதினேன் என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாயை மூடிக்கொண்டாள். இவ்வளவு கட்டுப்பாட்டையும் எதற்காக எழுதினாய் என்று அடுத்த கேள்வி வருமே, அதற்கு என்ன பதில் சொல்வது?

"தலைப்பு தப்பா இருந்தா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டாள்.

தோழி விளக்கினாள். தாளில் என்ன பேர் போட்டாலும் தகராறு என்று வந்துவிட்டால் யாரும் பேரைப் பார்க்க மாட்டார்கள், வேலை எப்படி நடக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். இன்னது வேண்டும், இன்ன தேதிக்குள் வேண்டும் என்பதோடு நிறுத்தினால் அவர் ஒப்பந்தக்காரர். எப்போது வரணும், எங்கே உட்காரணும், எப்படிச் செய்யணும் என்பதையும் சொன்னால் அவர் வேலையாள். வேலையாள் என்றாகிவிட்டால் விடுமுறை, நஷ்டஈடு, நிறுத்துவதானால் நோட்டீஸ் எல்லாம் தானாகப் பின்னால் வரும். "கட்டிப் போடறதா நெனச்சு எழுதுவாங்க. கடைசில கட்டுப்படறது முதலாளிதான்" என்று சிரித்தாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. பென்சிலை மடக்குவதற்கென்று எழுதியது அப்படியே கையெழுத்தாகியிருந்தால், அவளுக்குப் பட்டறையில் அசைக்க முடியாத இடம் கிடைத்திருக்கும். பொறாமையில் எழுதிக் கொடுத்த பரிசு. அதுகூட வக்கீலம்மாவைச் சுடவில்லை. அச்சு அசல் நீதான் என்றதுதான் சுட்டது. நாலு பக்கத்துக்கு எங்கிருந்து வார்த்தை வந்தது? எதை எழுதினால் ஒருத்தியைக் கட்டிப்போட முடியும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? தினமும் இருந்து பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள்.

"பேப்பரே இல்லாம ஒருத்தி இப்படி வேலை செஞ்சா?" என்று கேட்டாள்.

தோழி கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது, ஆனால் கேட்கவில்லை. "பேப்பர் இல்லாட்டியும் வேலை வேலைதான்டி. என்ன, அவளே வாயைத் திறந்து சொல்லணும்."

*

திரும்பி வந்தபோது பட்டறையில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. பசை டின் திறந்த வாடை. வக்கீலம்மா சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

பென்சிலுக்குப் புதிதாக எழுதினாள். இந்தத் தடவை சட்டம் தெரிந்தவளாக எழுதினாள். என்ன வேலை: முன்கூடத்து சோபா வரைபடங்கள், அளவுகளோடு, இரண்டு சுற்றுத் திருத்தம் உட்பட. எப்போது தரவேண்டும் என்ற தேதி உண்டு, எங்கே உட்கார்ந்து வரைய வேண்டும் என்ற பேச்சே இல்லை. அவள் கருவி, அவள் நேரம். தேவைப்பட்டால் தன் செலவில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். தன் வரியைத் தானே கட்டிக்கொள்வாள். வேறு யாருக்கும் வரையலாம் என்ற வரியில் வந்து விரல் நின்றது. அந்த வரி இல்லாமலும் தாள் தாளாகத்தான் இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது? பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். முழுத்தொகையும் கொடுத்து முடிக்கிறவரை வரைபடம் வரைந்தவளுக்கே சொந்தம், கொடுத்தபின் பட்டறைக்குச் சொந்தம் என்றும் எழுதினாள். அந்த ஒரு வரி இல்லையென்றால் நாளைக்கு ஹோட்டல் வக்கீல் எழுந்து போய்விடுவார்.

நல்ல காரியம் செய்தால் மனம் லேசாகும் என்று சொன்னவர் யாரோ, அவருக்கு ஓரகத்தி இருந்திருக்க மாட்டாள். வக்கீலம்மாவுக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எரிச்சல் இப்போது பென்சிலைச் சுற்றவில்லை. கேட்டதால் அவளுக்குக் கிடைத்தது. தான் கேட்கவே இல்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள், யாரும் தெரிந்துகொள்ளவில்லை.

பழைய நாலு பக்கத்தைத் திரையில் திறந்தாள். தலைப்பை மாற்றினாள். பணி ஒப்பந்தம். விடுமுறைக்கு ஒரு ஷரத்து, நோட்டீஸுக்கு ஒரு ஷரத்து சேர்த்தாள். சம்பளத்துக்கு இடம் விட்டாள். காலையில் டைப் அடிக்க முடியாத இடத்தில், இரண்டாம் தரப்பு என்று இருந்ததற்கு நேராக, தன் பேரை அடித்தாள்.

*

சாயங்காலம் வேலையாட்கள் போனபின் ஆபீஸ் அறையில் நாலு பேரும் கூடினார்கள். பென்சிலின் கணவன் சின்னவன் வங்கியிலிருந்து வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டான். பெரியவன் மட்டும் ஒரு குட்டி ஸ்டூலைக் கையோடு கொண்டுவந்து, வாசல் பக்கம் தரையில் உட்கார்ந்து அதன் அடிப்பக்கத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். குடும்பப் பேச்சு என்றால் அவன் எப்போதும் ஒரு வேலையோடுதான் வருவான்.

பென்சில் படிக்க வேண்டாம் என்றாள். வக்கீலம்மா விடவில்லை. "படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதே. நானே எழுதினாலும் போடாதே." இதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் சூடாயிற்று. காலையில் அச்சடித்த தாள்களைப் பென்சில் பார்த்ததில்லையே.

பென்சில் கொண்டையிலிருந்த பென்சிலை உருவி வரிவரியாக ஓட்டிக்கொண்டு படித்தாள். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தி நிமிர்ந்தாள். "அக்கா, நான் கேக்க நெனச்சு கூச்சப்பட்டதெல்லாம் நீங்களே போட்டிருக்கீங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. வக்கீலம்மா மின்விசிறியைப் பார்த்தாள். நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டேன் என்கிறாளே இவள்.

பென்சில் கையெழுத்துப் போட்டாள். மாமனார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். அவர் கை தாளுக்கு வருமுன் வக்கீலம்மா இன்னொரு ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுவும் இருக்கு மாமா."

அவர் ஹோட்டலுக்கானது என்று நினைத்தார் போலிருக்கிறது. தலைப்பைப் படித்தார். பேரைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேரைப் படித்தார்.

"என்னம்மா இது? வீட்டுக்குள்ள என்ன கையெழுத்து?"

"அவளும் வீட்டுக்குள்ளதானே மாமா இருக்கா."

"அவ காண்ட்ராக்ட். நீ..." என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வார்த்தை கிடைக்கவில்லை. நீ என்ன? அவர் உண்மையிலேயே தேடினார். முதலாளியாக இத்தனை வருஷம் இருந்தவருக்கு, அந்த நாற்காலியில் தினமும் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன பேர் என்று தெரியவில்லை. "நீ எங்க வீட்டுப் பொண்ணும்மா" என்று முடித்தார். அன்பாகத்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை.

"அது இருக்கட்டும் மாமா. அதோட இதுவும் இருக்கட்டும். உள்ள எழுதியிருக்கிறதுல எது நான் செய்யாததுன்னு சொல்லுங்க, அடிச்சுடறேன்."

அவர் படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். அடிக்க எதுவும் இல்லை. சம்பளம் என்ற இடத்தில் விரலை வைத்து, காலியாக இருக்கிறதே என்றார். அதை அவர்தான் நிரப்பணும் என்றாள் வக்கீலம்மா. சாட்சிக்கு நான் போடுகிறேன் அக்கா என்று பென்சில் கையை நீட்டினாள். மாமனார் ஒரு பார்வை பார்த்ததும் கை திரும்பிப் போயிற்று.

"பெரியவனே" என்று அவர் கூப்பிட்டார். குரலில் ஒரு பிடிமானம் தேடும் அவசரம் இருந்தது. "உன் பெண்டாட்டி என்ன சொல்றா கேட்டியா? நீ என்ன சொல்றே?"

சுத்தியல் நின்றது.

வக்கீலம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? "ம்" வரும். அந்த "ம்" அப்பாவுக்கா, தனக்கா என்று இன்றைக்கு ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டியிருக்கும்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பழக்கமில்லாத சத்தம். பெரியவன் வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டிருந்தான். கடைசி ஆணியும் வந்தபின் உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, கையிலிருந்ததை மேசையில், இரண்டு ஒப்பந்தங்களுக்கும் பக்கத்தில் கொட்டினான். நனைந்த ஆணிகள். மனைவியின் பேர் இருந்த தாளை மட்டும் எடுத்து, நின்றபடியே கொஞ்ச நேரம் படித்தான்.

"அவ எழுதினது சரிதான்பா" என்றான். "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதச் சொல்லுங்க."

வக்கீலம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே ஒருத்தன் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். அவள் கண் பென்சிலின் நாற்காலியிலேயே இருந்துவிட்டது.

மாமனார் பேனாவின் மூடியைப் போட்டார். எதிலும் கையெழுத்து விழவில்லை, பென்சிலுடையதிலும்கூட. "நாளைக்குக் காலைல ஹோட்டல்காரங்க வராங்க மாமா" என்று பென்சில் மெல்லச் சொன்னாள். அவர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அறையில் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, விசிறியும் சுழன்றுகொண்டிருந்தது. அவற்றை அணைக்க அவர் திரும்பி வரவில்லை.